விழுந்த இடமும் இருக்கும் இடமும்



செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களிடம் இங்குள்ள வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்களைத் தட்டிக் காட்டி, "இதெல்லாம் பர்மாவிலிருந்து கடலில் மிதக்கவிட்டே கொண்டுவந்த மரம் சார்" என்பார்கள். கேட்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அரியக்குடியிலும் காரைக்குடியிலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கதையில் பாதி உண்மை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் பர்மாக் காட்டில் மரத்தின் அடியில் வளையமாகப் பட்டையைச் செதுக்கி, நின்றபடியே காயவிட்டு, சில வருடம் கழித்து வெட்டினார்கள். காய்ந்த கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஐராவதி, சால்வீன் ஆறுகளில் மிதக்கவிட்டு ரங்கூனுக்கும் மௌல்மீனுக்கும் கொண்டுவந்தார்கள். மிதவை அதுவரைதான். அங்கிருந்து கப்பல். கணக்குப் பார்த்தே காசை வெளியே எடுக்கும் நம் செட்டியார்கள், விலை கொடுத்து வாங்கிய மரத்தைக் கடலின் கருணைக்கு விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. வங்காள விரிகுடாவில் ஒரு பொருளைப் போட்டால் அது எங்கே போய்ச் சேரும்? இதற்குப் பதில் தெரிந்தால், காணாமல் போன படகை எங்கே தேடுவது என்பதற்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். பிறந்தது காரைக்காலில், படித்தது பிரெஞ்சு வழியில், ஓய்வுக்குப் பின் குடியிருப்பது மனைவியின் ஊரான அரியக்குடியில். கடல் இங்கே கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் தொண்டி. கடலில் போனவர்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த வீடுகள் இந்தப் பக்கத்திலும் நிறைய உண்டு. அதனால் இந்தச் சரித்திரத்தை எழுதலாம் என்று தோன்றியது.

ஒரே கடல், இரண்டு திசை

2020 ஜூலையில் சென்னை காசிமேட்டிலிருந்து மீன்பிடிக்கப் போன விசைப்படகு ஒன்று எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் நின்றது. ஐம்பது நாட்களுக்கு மேல் தகவல் இல்லை. கடைசியில் மியான்மர் கடற்படை அந்தப் படகைக் கண்டுபிடித்தது. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் புறப்பட்டவர்கள் கிழக்குக் கரையில் போய் நின்றார்கள்.

அதற்கு முந்தைய வருடம், 2019 செப்டம்பர் கடைசியில், அந்தமானின் ஷஹீத் தீவிலிருந்து இரண்டு பேர் படகில் கிளம்பிப் புயலில் சிக்கினார்கள். 28 நாள் மிதந்து அந்தப் படகு ஒடிசாவில் பூரி மாவட்டக் கரையில் ஒதுங்கியது. உயிரோடு வந்தவர் ஒருவர்தான். இவர்கள் கிழக்கே புறப்பட்டு மேற்கே வந்தவர்கள்.

ஒரே கடல்தான். ஆனால் ஜூலை என்றால் தென்மேற்குப் பருவம், கச்சான் காற்று கிழக்கே தள்ளும். அக்டோபர் கடந்தால் வாடையும் கொண்டலும் முறை மாற்றிக்கொண்டு வரும். நம் சோழமண்டலக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டமும் அப்படித்தான். மாசி, பங்குனியில் வடக்கே போகும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பிவிடும். வருடத்துக்கு இருமுறை திசை மாறும் இப்படிப்பட்ட நீரோட்டம் உலகில் பல கடல்களுக்குக் கிடையாது. நம் கடலோடிகள் நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள். எந்த மாதம் எந்த நீவாடு என்பதைப் புத்தகம் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளவில்லை. வலை விரித்த இடத்துக்கும் எடுத்த இடத்துக்கும் உள்ள தூரமே அவர்களுக்குப் பாடம்.

இரண்டு பத்திகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம்

இதே பாடத்தைக் காகிதத்தில் எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ரென்னல் என்ற ஆங்கிலேயர். வங்காளத்தின் சர்வேயர் ஜெனரலாக இருந்து வரைபடம் தயாரித்தவர் என்று சரித்திர மாணவர்களுக்குத் தெரியும். புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு விதத்தில் அறிமுகமானவர். 1760-61-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, எதிரிக் கப்பற்படையில் இருந்த இளம் பயிற்சி அதிகாரி அவர். எங்கள் ஊர்ப் பக்கம் அவர் மேல் பெரிய பிரியம் இருக்க நியாயமில்லை. ஆனால் வேலைக்காரர்.

இங்கிலாந்து திரும்பிய பிறகு கப்பல்களின் நாட்குறிப்புகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் காலத்துக் கப்பலில் தினமும் இரண்டு இடம் குறிப்பார்கள். வேகத்தையும் திசையையும் வைத்து, 'நாம் இங்கே இருக்க வேண்டும்' என்று கணக்குப் போட்ட இடம் ஒன்று. நண்பகல் சூரியனையும் கடிகாரத்தையும் வைத்து, 'உண்மையில் இங்கே இருக்கிறோம்' என்று கண்ட இடம் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. மாலுமிகளுக்கு அந்த வித்தியாசம் ஒரு தொல்லை. ரென்னலுக்கு அதுவே தகவல். கப்பலை அறியாமல் தண்ணீர் தள்ளிக்கொண்டு போன தூரம் அல்லவா அது! நூற்றுக்கணக்கான கப்பல்களின் வித்தியாசத்தைச் சேர்த்தால் நீரோட்டத்தின் படம் வந்துவிடும். அட்லாண்டிக் நீரோட்டங்கள் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்தபின் 1832-ல் வெளியானது. அமெரிக்கக் கடற்படையின் மோரி 1847 முதல் இதே வேலையைப் பெரிய அளவில் செய்து, காற்று, நீரோட்ட வரைபடங்கள் வெளியிட்டார்.

வாழ்நாள் முழுவதும் பதிவேடு எழுதிய எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம். கண்டுபிடிப்பு என்றால் தொலைநோக்கி, சோதனைக் குழாய் என்று நினைக்கிறோம். இங்கே கண்டுபிடிப்பு இருந்தது ஒரு பதிவேட்டின் இரண்டு பத்திகளுக்கு நடுவில்.

இளவரசரின் புட்டிகள்

அடுத்தவர் பிரெஞ்சு மொழிக்காரர். மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பேர். சூதாட்ட மாளிகையால் பேர் பெற்ற அந்தச் சின்ன நாட்டின் அரசராக வேண்டியவர் கடலில் அலைந்துகொண்டிருந்தார். கடலோடியாக வாழ்ந்த கதையை அவரே ஒரு நூலாக எழுதியிருக்கிறார். பிரெஞ்சு வழியில் படித்ததால் அதை மூலத்திலேயே படிக்கும் பாக்கியம் கிடைத்தது. அவருடைய பாய்மரக் கப்பலின் பெயர் 'ஹிரோந்தெல்'. தகைவிலான் குருவி என்று பொருள்.

1885 முதல் 1887 வரை மூன்று பயணங்களில் அவர் கடலில் விட்ட மிதவைகள் 1675. கண்ணாடிப் புட்டிகள், மரப் பீப்பாய்கள், செப்புக் கோளங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும், கண்டெடுப்பவர் இதைத் தம் நாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கும்படி வேண்டும் ஒரு காகிதம். திரும்பக் கிடைத்தவை 227. ஏழில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அதை வைத்தே வட அட்லாண்டிக் நீர் அஸோர்ஸ் தீவுகளைச் சுற்றிக் கடிகார முள் போலச் சுழல்கிறது என்று அவர் காட்டினார்.

கதை அதோடு முடியவில்லை. முதல் உலகப் போரில் கடலில் ஆயிரக்கணக்கான கண்ணிவெடிகளைப் போட்டிருந்தார்கள். போர் முடிந்த பிறகு சங்கிலி அறுந்த கண்ணிகள் அட்லாண்டிக்கில் மிதக்க ஆரம்பித்தன. அவை எந்தப் பாதையில் போகும், எந்தக் கப்பல் வழிக்கு ஆபத்து என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் அதே இளவரசர். ஆதாரம், முப்பது வருடத்துக்கு முன் அவர் விட்ட புட்டிகள். விஞ்ஞான ஆசைக்குச் சேர்த்த விவரம் மனித உயிரைக் காக்கப் பயன்பட்டதற்கு இதைப் பழைய உதாரணங்களில் ஒன்றாகச் சொல்லலாம்.

நம் பக்கத்துக் கடலுக்கு அந்தப் பாக்கியம் அப்போது இல்லை. 1947 ஏப்ரலில் 'சர் ஹார்வி ஆடம்சன்' என்ற பயணிகள் கப்பல் ரங்கூனிலிருந்து மெர்குய் நோக்கிப் புறப்பட்டது. போய்ச் சேரவில்லை. இரண்டாம் உலகப் போரில் விட்ட கண்ணி ஒன்றில் மோதியிருக்கலாம் என்று கருதினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பர்மாவில் ஆள் வைத்திருந்த குடும்பங்கள் அந்தக் காலத்தில் கப்பல் பெயர்களை எவ்வளவு பயத்தோடு கவனித்தன என்பதை இந்த வட்டாரத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

தண்ணீர், காற்று, பொருள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படகு கவிழ்ந்தது என்று தகவல் வருகிறது. தகவல் வரும்போதே ஆறு மணி நேரம் கடந்திருக்கும். மீட்புக் கப்பல் போய்ச் சேர இன்னும் சில மணி நேரம். கவிழ்ந்த இடத்துக்குப் போனால் அங்கே தண்ணீர்தான் இருக்கும். தேட வேண்டியது விழுந்த இடத்தை அல்ல, இப்போது இருக்கும் இடத்தை.

அதைக் கணிக்க மூன்று விவரம் வேண்டும். முதலாவது, தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது. இரண்டாவது, காற்று. மூன்றாவதைத்தான் பலரும் நினைப்பதில்லை. மிதப்பது என்ன?

தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சுமக்கும். காற்று அப்படி இல்லை. கழுத்தளவு நீரில் கிடக்கும் மனிதனைக் காற்று தன் வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குத் தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை போட்ட ரப்பர் மிதவையை மூன்று பங்கு தள்ளும். காற்றின் வேகம் மணிக்கு 40 கி.மீ. என்றால், மனிதன் ஒரு நாளில் 10 கி.மீ. நகர்வான். மிதவை ஏறக்குறைய 30 கி.மீ. போய்விடும். ஒரே கப்பலிலிருந்து ஒரே நேரத்தில் குதித்த இரண்டு பேர், ஒருவர் மிதவையிலும் ஒருவர் தண்ணீரிலும் இருந்தால், இரண்டே நாளில் அவர்களுக்கு நடுவே 40 கி.மீ. இடைவெளி. அதுவும் காற்று வீசும் நேர்திசையில் எல்லாம் போவதில்லை. சில பொருள் இடப்பக்கம் சாயும், சில வலப்பக்கம்.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கக் கடலோரக் காவல் படையும் வேறு பல நாட்டவரும் பல ஆண்டுகள் பொம்மை மனிதர்களையும் காலிப் படகுகளையும் கடலில் விட்டு அளந்தார்கள். 1999-ல் அதைத் தொகுத்தபோது 63 வகைப் பொருள்களுக்குத் தனித்தனிக் கணக்கு வந்தது. உயிர்காப்பு உடை அணிந்தவர், அணியாதவர், கவிழ்ந்த படகு, பாதி மூழ்கிய படகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

தேடும் பரப்பையும் கொஞ்சம் பாருங்கள். ஆள் 10 கி.மீ. ஆரத்துக்குள் எங்கோ இருக்கிறார் என்றால் தேட வேண்டியது 314 சதுர கி.மீ. அந்தத் தூரம் 30 கி.மீ. ஆனால் 2800 சதுர கி.மீ.க்கு மேல். தாமதம் மூன்று மடங்கானால் வேலை ஒன்பது மடங்கு. விமானத்திலிருந்து பார்த்தால் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது. இந்தியாவின் பொறுப்பில் உள்ள தேடல் கடற்பரப்பு மொத்தம் 46 லட்சம் சதுர கி.மீ.

ஐதராபாத்தில் ஒரு கடல்

நம் நாட்டில் இந்தக் கணக்கைப் போடுவது கடலே இல்லாத ஐதராபாத்தில். இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 1999-ல் அங்கே தொடங்கப்பட்டது. சுருக்கமாக இன்காய்ஸ். மீன் கூட்டம் எங்கே இருக்கும் என்ற அறிவிப்பும், சுனாமி எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகின்றன. 2016-ல் அவர்கள் 'சாராட்' என்ற தேடல் உதவிக் கருவியைக் கொண்டுவந்தார்கள். காணாமல் போன நேரம், கடைசியாக இருந்த இடம், பொருளின் வகை ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். ஒரே படகை நூற்றுக்கணக்கான கற்பனைப் படகுகளாக்கி, ஒவ்வொன்றையும் சிறிது மாறிய இடத்தில், சிறிது மாறிய காற்றில் கணினி மிதக்கவிடும். பல படகுகள் போய்க் கூடும் இடம் எதுவோ, அங்கே முதலில் தேடு என்று வரைபடத்தில் காட்டும். ரென்னலின் நாட்குறிப்புகளும் இளவரசரின் புட்டிகளும் வேறு உருவில் வந்து நிற்கின்றன.

புட்டிகளுக்குப் பதில் இப்போது உலகக் கடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிதவைக் கருவிகள் செயற்கைக்கோளுடன் பேசிக்கொண்டே மிதக்கின்றன. நீரோட்டத்தை வானத்திலிருந்தும் அளக்கிறார்கள். கடல் மட்டம் தட்டையல்ல, மேடு பள்ளம் உண்டு. பூமி சுழல்வதால் தண்ணீர் மேட்டிலிருந்து நேரே இறங்காமல் அதைச் சுற்றி ஓடும். மேட்டின் உயரம் தெரிந்தால் ஓட்டத்தின் வேகம் தெரியும். 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய 'சரள்' செயற்கைக்கோள் இதற்காகவே இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்தது. மிதவைகள் அனுப்பும் செய்தியைப் பெறும் பிரெஞ்சுக் கருவியும் அதில் இருந்தது. இரண்டு தேசத்துக்கும் உறவுக்காரனான எனக்கு அன்று கொஞ்சம் கர்வம்தான். கரைக்கு அருகே ஓடும் நீரை அளக்க, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கல்பாக்கத்திலும் கடலூரிலும் ரேடார் நிறுத்தியிருக்கிறது.

ஒக்கி

கருவி வந்த அடுத்த வருடமே பெரிய சோதனை வந்தது. 2017 நவம்பர் 29-ல் இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தம் மறுநாளே குமரிமுனைப் பக்கம் ஒக்கி புயலானது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே புறப்பட்டுப் போயிருந்தார்கள். கரையிலிருந்து அனுப்பிய எச்சரிக்கை அவர்களுடைய கம்பியில்லாக் கருவிக்கு எட்டும் தூரத்தில் அவர்கள் இல்லை.

புயல் லட்சத்தீவு வழியாக வடக்கே போனது. சில படகுகள் மகாராஷ்டிர, குஜராத் கரைகளில் ஒதுங்கின. சில வாரம் கழித்துக் கோழிக்கோட்டுக் கடலில் சடலங்கள் கிடைத்தன. தெற்கே போனவர்களை வடக்கே தேட வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் எங்கே மீன் பிடிப்பார்கள், எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மீனவர்கள் கேட்டார்கள். பிறகு கடற்படைக் கப்பல்களில் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கணினியின் கணக்கும் நீவாடு தெரிந்தவர்களின் அனுபவமும் ஒரே மேசையில் முதல் நாளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் துயரம் சொல்லிக்கொடுத்தது.

இன்னொன்றும் தெரிந்தது. காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுப் பட்டியல் ஓர் எண்ணைச் சொன்னது, கிராமங்களின் பட்டியல் வேறு எண்ணைச் சொன்னது. எந்தப் படகு எப்போது எத்தனை பேருடன் போனது என்ற பதிவு கரையில் முழுமையாக இல்லை. சாராட்டுக்குத் தேவையான முதல் மூன்று விவரமே இல்லாவிட்டால் அது எதை வைத்துக் கணக்குப் போடும்?

'கடல்' என்று எழுதிய பத்தி

இதைப் படித்தபோது பழைய கோப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. 1980-களில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், கடலோரக் கிராமத்துப் பெண் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வருவார். கணவர் கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை. இறப்புச் சான்று கேட்பார். சட்டப்படி, ஒருவரைப் பற்றி 7 வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ள முடியும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு அது. இப்போதைய புதிய சட்டத்திலும் அதே ஏழு வருடம்தான்.

அந்தக் கோப்பின் விசாரணைப் படிவத்தில் 'கடைசியாகக் காணப்பட்ட இடம்' என்ற பத்தி ஒன்று உண்டு. அதில் யாரோ ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்கள். 'கடல்'. நேரம் என்ற பத்தி காலி.

"ஐயா, தேடுனாங்களா இல்லையானு மட்டும் சொல்லுங்க" என்று ஒருமுறை அந்த அம்மா கேட்டார். சான்றிதழைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. கோப்பைப் புரட்டினேன். தேடியதாகவும் இல்லை, தேடாததாகவும் இல்லை. "இதுல எழுதலைம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஏழு வருடம் முடிந்த பிறகு சான்று கிடைத்தது. அதுவரை அவர் மனைவியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஏழு வருடம் காக்க வைக்காமல் அரசு உதவித்தொகை கொடுத்தபோது, அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

தேடல் என்பது உயிரோடு இருப்பவருக்காக மட்டும் இல்லை. எங்கே தேடினோம், ஏன் அங்கே தேடினோம், எப்போது நிறுத்தினோம் என்று கரையில் காத்திருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு வரைபடமாவது இருக்க வேண்டும். மிதவைக் கணக்கு அதையும் தருகிறது.

கணக்கு தவறும் இடங்கள்

எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2009 ஜூன் 1-ல் ரியோவிலிருந்து பாரீசுக்கு வந்த ஏர் பிரான்ஸ் விமானம் 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்தது. மிதந்த உடல்களும் சிதைவுகளும் ஐந்து நாள் கழித்தே கிடைக்கத் தொடங்கின. அவை கிடைத்த இடத்திலிருந்து கணக்கைப் பின்னோக்கி ஓட்டி, விழுந்த இடம் இதுதான் என்று 2010-ல் ஒரு பகுதியில் தேடினார்கள். அங்கே இல்லை. பூமத்திய ரேகைப் பக்கத்து நீரோட்டம் குழப்பமானது, ஐந்து நாளில் பிழை பெருகிவிட்டது. 2011 ஏப்ரலில், கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து 12 கி.மீ. தூரத்தில், 3900 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது.

மலேசிய விமானம் எம்.எச். 370 கதை உங்களுக்குத் தெரியும். 2014 மார்ச் 8-ல் 239 பேருடன் மறைந்தது. அதன் இறக்கைத் துண்டு ஒன்று 2015 ஜூலை 29-ல் ரெயூனியோன் தீவில் சேன்தாந்த்ரே ஊர்க் கரையில் ஒதுங்கியது. நம் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வாரிசுகள் நிறைய வாழும் ஊர் அது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதே மாதிரி இறக்கைத் துண்டைக் கடலில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். அது அவர்கள் முன்பு நினைத்ததைவிட வேகமாக, காற்றின் திசைக்கு இடப்புறமாகப் போனது. அதுவரை தேடிய 1,20,000 சதுர கி.மீ. பரப்புக்குச் சற்று வடக்கே விமானம் இருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். 2017 ஜனவரியில் அந்தத் தேடலை நிறுத்தும்போதும் விமானம் கிடைத்திருக்கவில்லை.

மிதக்காதவற்றுக்கு இந்தக் கணக்கே உதவாது. 2015 ஜூன் 8 இரவு கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் எங்கள் காரைக்கால் பக்கத்துக் கடலுக்கு மேல் மூன்று பேருடன் மறைந்தது. அதன் கருவி எழுப்பிய ஒலியைச் 'சிந்துத்வஜ்' நீர்மூழ்கி கேட்டது. ஒரு மாதம் கழித்து, கடலூருக்கு அப்பால் ஏறக்குறைய 1000 மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்தார்கள். 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் போன விமானப்படை விமானத்தின் சிதைவுகள் சென்னைக்கு 310 கி.மீ. கிழக்கே, 3400 மீட்டர் ஆழத்தில் இருப்பது 2024 ஜனவரியில்தான் தெரிந்தது. ஏழரை வருடம்.

கரையில் செய்ய வேண்டியது

இத்தனை கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. செயற்கைக்கோள், ரேடார், கணினி எல்லாம் இருந்தும், தேடல் நிற்பது ஒரு சின்னப் பதிவின் மேல். எப்போது, எங்கே, என்ன. ரென்னலுக்குப் பெயர் தெரியாத ஒரு மாலுமி ஒழுங்காக எழுதிய நாட்குறிப்பு தேவைப்பட்டது. சாராட்டுக்கும் அதேதான் தேவை. அதைக் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் கரையில் இருக்கும் வீட்டுக்காரர்கள்.

தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் உறவு உள்ளவர்கள் இதை அவர்களிடம் சொல்லுங்கள். படகு கிளம்பும்போது நேரம், பதிவு எண், நிறம், ஆள் எண்ணிக்கை, போகும் திசை, திரும்பும் நாள் ஆகியவற்றை வீட்டுக் காலண்டரிலாவது குறித்துவையுங்கள். கடைசியாகத் தொலைபேசியில் பேசிய நேரத்தையும் அப்போது அவர்கள் சொன்ன இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு உடை படகில் இருந்ததா என்பதும் முக்கியம். காற்று தள்ளும் கணக்கு அதைப் பொறுத்தே மாறும். சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால், விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டு எண்ணையும் சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

கடல் யாரையும் போட்ட இடத்தில் வைத்திருப்பதில்லை. ஆனால் அது கொண்டுபோகும் பாதையை இருநூறு வருடமாகப் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த எழுத்து பயன்பட, புறப்பட்ட இடத்தையும் நேரத்தையும் நாம் எழுதிவைத்திருந்தால் போதும்.